அச்சுக்குப் போகுமுன்: ஒரு சிறுகதைத் தொகுப்பின் வேலைக்குறிப்பு

செப்டம்பர் 2

பன்னிரண்டு கதை, 34,000 சொல். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரவேண்டுமென்றால் நவம்பர் முடிவதற்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். டிசம்பரில் அச்சு இயந்திரம்கூடக் கிடைத்துவிடும், பைண்டிங்கில்தான் வரிசை நிற்கும். கதையை எழுதி முடித்த பிறகும் எழுதியவருக்கு வேலை பாக்கி. பதிப்பகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் பெரும்பாலும் அது யாருமே பார்க்காத வேலையாகிவிடும்.

செப்டம்பர் 5

நான்கு கதைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து யூனிகோடுக்கு மாற்றியவை. திரையில் பார்த்தால் சுத்தமாக இருக்கும். ‘அவர்’ என்று தேடினால் சில இடங்களில் கிடைக்காது. காரணம், ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருப்பது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மின்னூலாக்கும்போது அந்தப் புள்ளி தனியாகக் கழன்று வட்டமாக நிற்கும். துணைக்கால், புள்ளி இரண்டையும் சேர்த்துத் தேடி ஒரே மூச்சில் ‘ர்’ ஆக்கிவிட வேண்டும். அடுத்தது ‘கௌரவம்’. பழைய கோப்பில் அது ஒற்றைக்கொம்பு, ககரம், பிறகு தனி ளகரம் என்றிருக்கும். இதை மொத்தமாக மாற்றக்கூடாது, ‘தெளிவு’, ‘வெளி’ எல்லாம் ‘தௌிவு’ ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி.

செப்டம்பர் 11

ஒற்று. விட்டுப்போவதைவிடத் தேவையில்லாமல் போடுவதுதான் இப்போது அதிகம். ‘எழுதியக் கதை’, ‘பெரியத் தெரு’ இரண்டும் தவறு. பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. வினையெச்சத்தில் காதை நம்பலாம்: ‘எடுத்துக் கொடுத்தான்’, ‘கேட்டுச் சொன்னான்’ என்று வன்தொடரில், அதாவது கடைசி எழுத்துக்கு முன் வல்லின மெய் இருந்தால், மிகும், ‘வந்து பார்த்தான்’, ‘செய்து கொடுத்தான்’ என்பவற்றில் மிகாது. பொருளே மாறும் இடமும் உண்டு. ‘வேலை கொடுத்தான்’ என்றால் உத்தியோகம். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் வேல் வந்துவிடும்.

துணைவினையைச் சேர்த்தே எழுதுவது என்று முடிவு. ‘வந்துவிட்டான்’ ஒரே சொல். பிரித்து எழுதினால் ‘வந்து’ வரிக்கடைசியிலும் ‘விட்டான்’ அடுத்த வரியிலும் போய் நிற்கும்; வாசிப்பவர் எதை விட்டான் என்று ஒரு நொடி யோசிப்பார்.

செப்டம்பர் 19

உரையாடலுக்கு ஒரு நடைத்தாள். ஒரே பாத்திரம் மூன்றாம் பக்கத்தில் ‘அப்பறம்’ என்கிறது, ஒன்பதாம் பக்கத்தில் ‘அப்புறம்’ என்கிறது. ‘சொல்றேன்’, ‘சொல்லுறேன்’ இரண்டும் இருக்கின்றன. எது சரி என்பதல்ல கேள்வி, யார் எதைச் சொல்வார்கள் என்பதே. ஒரு தாளை எடுத்துப் பாத்திரம் வாரியாகப் பத்துப் பதினைந்து வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டால் போதும். பேச்சுவழக்கை எழுதும் பிடிவாதத்தில் எல்லாச் சொல்லையும் சிதைக்க வேண்டியதில்லை. வினைமுற்று மட்டும் பேச்சில் இருந்தாலே வாசகர் காதில் மீதி வந்துவிடும்.

அக்டோபர் 3

தொகுப்பில் இன்னும் வெளியாகாத மூன்று கதைகள் இதழ்களுக்கு. யூனிகோடு வேர்டு கோப்பு ஒன்று, கூடவே பிடிஎஃப். ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது, இரண்டிலும் வந்துவிட்டால் அடுத்த கதைக்குக் கதவு திறக்காது. கதைப் பெயர், அனுப்பிய நாள், இதழ், பதில் என நான்கு கட்டம் போட்ட பட்டியல். பதிலே இல்லை என்றால் ஒரு வரி எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம்.

அக்டோபர் 21

ஒப்பந்தம். வாய்ப்பேச்சில் முடிக்க முடியாத விஷயம் இது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுத்தில் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அந்த உரிமை காலாவதி. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் வரட்டும். ‘அனைத்து உரிமைகளும்’ என்ற இரண்டு சொல்லை அடித்துவிட்டுக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ராயல்டி 10 சதவீதம் என்றால் எதில் 10 என்று கேட்க வேண்டும். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு அட்டை விலையில் என்றால் 20 ரூபாய். கடைக்கு 35 சதவீதம் கழிவு போக வரும் 130 ரூபாயில் என்றால் 13.

நவம்பர் 8

பக்க வடிவமைப்பு. இன்டிசைன் மென்பொருளில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். சொல்லை வெட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ‘ம்’ என்று ஒரு வரி தொடங்கும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இரு ஓரமும் நேராக நிறுத்தினால் சில வரிகளில் பல்லுப் போன இடைவெளி விழும். அந்த இடத்தில் எழுத்தை நெருக்குவதைவிட வாக்கியத்தில் ஒரு சொல்லைக் குறைப்பது மேல்.

டெம்மி அளவு, 11 புள்ளி எழுத்து. முன்பக்கங்கள் எட்டும் சேர்த்து 163 பக்கம் வந்திருக்கிறது. இது தொல்லையான எண். ஒரு பாரம் (ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பகுதி) 16 பக்கம். 163க்கு 11 பாரம் வேண்டும், 13 பக்கம் வெற்றாகப் போகும். 160க்கு 10 பாரமே போதும். மூன்று பக்கத்தை எங்கே பிடிப்பது? ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தால் விடை தெரியும். மூன்று கதைகளில் கடைசி இரண்டு வரி மட்டும் புதுப் பக்கத்துக்கு ஏறியிருக்கிறது. அந்தக் கதைகளில் ஒரே ஒரு சொல் மட்டும் நிற்கும் பத்தி முடிவுகளைத் தேடி, அந்தப் பத்தியில் ஒரு சொல்லை எடுத்தால் ஒரு வரி மிச்சம். கதைக்கு இரண்டு வரி எடுத்தால் மூன்று பக்கமும் கிடைத்துவிடும். பெரும்பாலும் ‘ஒரு’, ‘அந்த’, ‘அப்போது’ ஆகியவைதான் போகும். கதைக்கும் அது நல்லதே.

நவம்பர் 14

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது, தாளில்தான். திருத்தம் போட்ட வரியை மட்டும் சரிபார்ப்பது போதாது; வரிகள் நகர்வதால் பத்தி முடியும்வரை படிக்க வேண்டும். தலைப்பும் பொருளடக்கப் பக்க எண்ணும் எப்போதும் கடைசியில், தனியாக.

நவம்பர் 20

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக. வந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது: ஒற்றைப்படை இடத்து இலக்கங்களை அப்படியே, இரட்டைப்படை இடத்தவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் இதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி, அவற்றுக்கிடையே வித்தியாசம் 5 ஆக இருந்தால் (2, 7 போல) மாட்டாது. எனவே கண்ணாலும் ஒருமுறை.

புத்தக முதுகின் அகலம்: 160 பக்கம் என்றால் 80 தாள், தாளுக்கு 0.1 மி.மீ. வைத்தால் 8 மி.மீ. தாளை மாற்றினால் அட்டையையும் மாற்ற வேண்டும். கடைசி நேரத்தில் கனமான தாளுக்குப் போனால் தலைப்பு முதுகிலிருந்து முன்னட்டைக்கு வழுக்கிவிடும்.

டிசம்பர் 24

பிரதிகள் வந்தன. கட்டின் மேலே இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, நடுவிலிருந்து நான்கைந்து எடுத்துப் பாரம் மாறும் இடங்களில், 16–17, 32–33 என்று, பக்க எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாரம் தலைகீழாகவோ இரட்டையாகவோ சேர்ந்திருந்தால் அங்கேதான் தெரியும். அளவுக்கு மீறி விரித்துப் பார்க்க வேண்டாம், பசை முழுதும் இறுகியிருக்காது. தேசிய நூலகத்துக்கும், கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் 30 நாளுக்குள் பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் பொறுப்பு. அனுப்பியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளலாம். ஒரு பிரதியில் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதித் தனியே வைத்தாயிற்று. 47ஆம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி: ‘எழுதியக் கடிதம்’.