சங்ககிரி மாமாவும் ஒன்டாரியோ எர்த்தும்

கார் பட்டறை கொடுத்த பில்லின் கடைசி வரியில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று இருந்தது. அதற்கு மேலே பரிசோதனைக் கட்டணம் 160 டாலர், வரி தனி. ஒன்றும் கண்டுபிடிக்காததற்குக் காசு வாங்கும் வித்தையை ஊரில் ஜோசியரிடம்கூட நான் பார்த்ததில்லை, அவராவது ஏதோ ஒரு கிரகத்தின் மேல் பழியைப் போட்டு அனுப்புவார்.

காரின் கோளாறு இதுதான். மைனஸ் இருபதில் விடிகாலையில் கிளப்பித் தெருமுனையில் ஸ்டீயரிங்கை ஒடித்தால், டேஷ்போர்டில் உள்ள அத்தனை விளக்கும் மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் செட் போட்ட மாதிரி எரியும். ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்ஜியத்துக்கு விழும், ஸ்டீயரிங் இறுகிவிடும். கொஞ்ச தூரம் போனால் எல்லாம் தானாக அணைந்துவிடும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிடும், பட்டறைக்குள்ளும் ஹீட்டர், அப்புறம் கோளாறு எங்கே தெரியும்? ஸ்கேனரைச் செருகினால் 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் கோளாறுக் குறியீடுகள், பட்டறைக்காரர்கள் பேச்சில் 'கோடு', வரிசையாக வரும். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேச்சை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். "எல்லாம் பழைய கோடு, இப்போது ஒன்றும் இல்லை" என்று அழித்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்ற பதிவும் அதோடு போய்விடும். என் ஆத்திரமெல்லாம் அதில்தான். 'எப்போது வருகிறது' என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் நான் இங்கே கனடாவில் நன்றாகவே செட்டிலாகிவிட்டேன். பனி தள்ளப் பழகிவிட்டது, அரிசிம்பருப்பு சோற்றுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கிடைக்கிறது, கடலெண்ணெய் மட்டும் ஊர் வாசத்தில் இல்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டு மாமாவின் பட்டறை வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். சங்ககிரியில் லாரிக்கு வயரிங் பார்ப்பவர் அவர். டிரைவர் சொல்வதை டீ ஆறும்வரை கேட்பார்: மேடேறும்போதா, மழையிலா, லோடு ஏத்தினாலா? பிரேக் மிதித்ததும் இண்டிகேட்டர் மினுக்கினால் வயரைத் தொடவே மாட்டார். நேராகச் சேசிஸுக்குக் கீழே படுத்து எர்த் போல்ட்டை, அதாவது பேட்டரி மைனஸ் வயரை வண்டியின் இரும்போடு சேர்க்கும் போல்ட்டை, சுரண்டுவார்.

ராத்திரி ஒன்பதுக்கு அவரைக் கூப்பிட்டேன், அங்கே காலை ஏழரை. முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, அந்தூருல ரோட்டுக்கு உப்பு கொட்டறாங்கன்னியே? அப்ப மொதல்ல எர்த்தப் பாரு சாமி" என்றார்.

அவருடைய பல்பு டெஸ்டரை மட்டும் நான் கையில் எடுக்கவில்லை. அது இழுக்கும் கரண்ட்டுக்கு இந்தக் கார் போர்டுகள் கருகினாலும் கருகும். மல்டிமீட்டர்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம். காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு வயர்தான் கேன் லைன், இரண்டு முனையிலும் 120 ஓம் வைத்த அதற்கு 60 சரியான கணக்கு, ஆக அந்த இரண்டு வயர்மேல் சந்தேகமில்லை. பேட்டரியை மாட்டி என்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டு, வீட்டம்மாவை ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்லி, பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் நடுவே பார்த்தேன். 0.1 வோல்ட் சுமாருக்கு இருக்க வேண்டியது அரை வோல்ட்டைத் தாண்டிப் போனது, எர்த் வழியில் எங்கேயோ தடை என்று அர்த்தம். ஸ்டீயரிங்கில் இருப்பது எலக்ட்ரிக் மோட்டார், ஒடிக்கும்போது கரண்ட்டை அப்படி இழுக்கும்.

பேட்டரி தட்டுக்குக் கீழே எர்த் வயர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முனையை வளைத்தேன், உள்ளே முழுக்கப் பச்சைப் பொடி, நாலைந்து இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓம் மீட்டருக்கு ஓர் இழை இருந்தாலும் போதும், நல்லா இருக்கு என்றே சொல்லும். லோடு ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். குளிரில் சுருங்கும்போது அந்த இழைகளும் விலகுகிறது, சூடானதும் தொட்டுக்கொள்கிறது.

புது வயர் மாட்டியதும் சரியாகிவிட்டது. மாமாவைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. 2020க்கு அப்புறம், புகையைக் குறைக்கும் பிஎஸ் 6 விதிப்படி வந்த லாரிகளிலும் இதே கூத்துதானாம், சென்சார் ஒன்று சரியில்லை என்றால் லாரி இழுக்கவே மாட்டேன் என்கிறதாம். "ஏங் கண்ணு, ஊருக்கு வாரப்ப அந்த ஸ்கேனர் ஒண்ணு வாங்கியாரியா? லாரிக்குச் சேருமான்னு கேட்டு வாங்கு. உங்கத்தை வேற பாதாம் கேட்டா."