மழைக் கணக்குக்குப் பதில் குப்பை வந்தால் முதல் மூன்று பைட்டைப் பாருங்கள்

பைத்தானில் வலைப்பக்கம் எடுத்துப் பழகியவர்கள் இந்தப் பிழைச் செய்தியை ஒரு நாளாவது பார்த்திருப்பார்கள். யூனிகோட் டீகோட் எரர், இடம் 1-இல் இருக்கும் பைட் ஹெக்ஸில் எட்டு-பி, 'இன்வாலிட் ஸ்டார்ட் பைட்'. நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமானக் கணக்கில் அந்த பைட் 139. பார்த்தவுடன் நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், டீகோட் செய்கிற வரியில் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தை (எழுத்தை பைட்டாக எழுதும் முறை) எடுத்துவிட்டு லத்தீன்-1 என்ற வேறொன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் பிழையைக் கண்டுகொள்ளாதே என்று 'இக்னோர்' போட்டுவிடுகிறார்கள். பிழை போய்விடும். கூடவே தரவும் போய்விடும். எழுத்துக் குறியாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வர் பக்கத்தை ஜிசிப் என்ற வடிவத்தில் சுருக்கி அனுப்பியிருக்கிறது, நீங்கள் அதை விரிக்காமல் வாசிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

விடை அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது. ஜிசிப்பில் சுருக்கிய எதுவும் 31, 139 என்ற இரண்டு பைட்டில்தான் தொடங்கும். மூன்றாவது 8, அதாவது உள்ளே தரவைச் சுருக்கியது டிஃப்ளேட் என்ற முறை. 31 பழைய ஆஸ்கி கட்டுப்பாட்டுக் குறிகளில் ஒன்று என்பதால் யூடிஎஃப்-8 அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். ஆனால் 128 முதல் 191 வரையிலான பைட்டுகள் ஓர் எழுத்தின் நடுவிலோ கடைசியிலோதான் வரலாம், தொடக்கத்தில் வரவே கூடாது, 139 அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் பிழை இடம் 0-இல் வராமல் 1-இல் வருகிறது. இடம் 1, பைட் 139 என்று பார்த்தால் ஜிசிப் என்று முடிவு கட்டிவிடலாம்.

இவ்வளவு தெரிந்தும் எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாள் புரியவில்லை. கோத்தகிரி பக்கத்துப் பச்சைத் தேயிலை விவசாயிகள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குத் தினமும் மழை அளவு அனுப்புகிறேன், காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரக் கணக்கு. உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா, ஆள் வரச் சொல்லலாமா என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். மாவட்டச் சராசரி இங்கே எதற்கும் உதவாது. கூடலூர், பந்தலூர், தேவாலா எல்லாம் தென்மேற்குப் பருவத்தில் நனைகிற ஊர்கள், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அதை வைத்துக் கோத்தகிரிக்காரர் என்ன செய்ய முடியும்? ஊர்வாரியாக அட்டவணை போடும் தளம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். அதிலிருந்து எடுத்துத் தரும் ஸ்கிரிப்ட் ஒரு பழைய லேப்டாப்பில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் வசதி) ஓடுகிறது. பக்கம் எடுக்கப் பைத்தானோடு வரும் யூஆர்எல்லிப் மாட்யூல் மட்டும்தான், வேறு எதையும் நிறுவவில்லை.

யூஆர்எல்லிப் நாம் எதுவும் சொல்லாவிட்டால் தானாகவே அக்செப்ட்-என்கோடிங் ஹெடரில் (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் குறிப்பு வரிதான் ஹெடர்) 'ஐடென்டிட்டி' என்று அனுப்பும். சுருக்காமல் அப்படியே கொடு என்று அர்த்தம். அப்படியிருந்தும் ஜிசிப் வந்தது. அதுவும் எல்லா நாளும் இல்லை. வெயில் அடிக்கும் நாட்களில் ஸ்கிரிப்ட் ஜோராக ஓடும், ராத்திரி முழுக்க மழை வெளுத்து வாங்கினால் மறுநாள் காலை கண்டிப்பாகப் படுத்துவிடும். குழுவில் ஓர் அண்ணன், "என்ன தம்பி, மழை பெய்யாதப்ப மட்டும் உன் மழைக் கணக்கு கரெக்டா வருது" என்று கலாய்த்தார். தளத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேசினால், "எங்க பக்கம் எல்லாம் நல்லாத்தான் வருது சார், நீங்க கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்றார். கேஷ் என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் அது என் கம்ப்யூட்டரில் இருக்கும் கேஷ் இல்லை, அவருடைய சர்வருக்கு முன்னால் நின்று, பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குக் கொடுக்கும் கேஷ்.

டெர்மினலிலிருந்து வலைப்பக்கம் எடுக்கும் கர்ல் கட்டளையில் பதிலின் ஹெடர்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 'ஏஜ்' என்று ஒரு ஹெடர் இருந்தது, அதில் வினாடிக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஆக, பக்கம் நேராக சர்வரிலிருந்து வரவில்லை, நடுவில் யாரோ வைத்திருக்கும் நகல்தான் வருகிறது. அப்புறம் 'வேரி' ஹெடரைத் தேடினேன், இல்லை. அங்கேதான் கோளாறு. ஒரே முகவரிக்குச் சுருக்கியது ஒன்று, சுருக்காதது ஒன்று என இரண்டு வடிவம் இருந்தால், 'வேரி: அக்செப்ட்-என்கோடிங்' என்று சர்வர் சொல்ல வேண்டும், அப்போதுதான் கேஷ் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் முகவரி ஒன்று, நகலும் ஒன்று. நகல் காலாவதியான பிறகு முதலில் கேட்பவர் பிரவுசராக இருந்தால் ஜிசிப் நகல் உட்கார்ந்துவிடும், அடுத்து வரும் என் ஸ்கிரிப்ட் எதைக் கேட்டாலும் அதுதான் கிடைக்கும். ஸ்கிரிப்ட் முதலில் போனால் சாதா நகல் உட்காரும், பிரவுசருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை என்பதால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

மழைக்கும் பிழைக்கும் உள்ள உறவு இதில் வந்துவிட்டது. மழை பெய்த காலையில் எல்லோரும் போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள், எப்போது பார்த்தாலும் கேஷில் ஜிசிப் நகல்தான். வெயில் நாளில் அந்தப் பக்கத்தைச் சீண்ட ஆளில்லை, என் ஸ்கிரிப்ட்தான் முதல் ஆள்.

இதை ஊகமாக விடாமல் சோதித்துவிடலாம். முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சேருங்கள், கேஷுக்கு அது புது முகவரி. அதைக் கர்லில் 'கம்ப்ரஸ்டு' ஆப்ஷனோடு முதலில் கேளுங்கள், உடனே அதே முகவரியை ஆப்ஷன் இல்லாமல் கேளுங்கள். இரண்டாவது முறை, பைனரி வந்து டெர்மினலைக் குழப்பிவிடும் என்று கர்ல் எச்சரித்தால் முடிந்தது கதை. வேறோர் எண்ணைப் போட்டு வரிசையை மாற்றிக் கேளுங்கள், சாதாப் பக்கம் வரும். தளத்தில் ஓடும் சர்வர் மென்பொருள் என்ஜினெக்ஸ் என்றால் 'ஜிசிப்_வேரி'யை ஆன் செய்தால் போதும், அது தானாக ஆனில் இருக்காது. அந்த ஒரு வரியைப் போடச் சொல்லி தளத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

சரி, நம் பக்கம் என்ன செய்வது? ஹெடர் என்ன சொல்கிறது என்பதை விட பைட் என்ன சொல்கிறது என்பதைத்தான் நான் நம்புகிறேன். வந்ததை உரையாக மாற்றும் முன் முதல் சில பைட்டுகளை எண்களாக அச்சிட்டுப் பாருங்கள். 31, 139, 8 என்றால் ஜிசிப். 120-இல் தொடங்கி அடுத்து 156 போல வந்தால் ஸீலிப் என்ற இன்னொரு சுருக்க வடிவம். 40, 181, 47, 253 என்றால் இசட்-ஸ்டாண்டர்டு, அதுவும் ஒரு சுருக்க வடிவம். 60 என்றால் அது கோண அடைப்பின் திறப்பு, சாதா ஹெச்டிஎம்எல். பிராட்லி என்ற சுருக்க வடிவத்துக்கு மட்டும் இப்படி அடையாள பைட் எதுவும் கிடையாது, அங்கே ஹெடரை நம்புவதைத் தவிர வழியில்லை.

ஜிசிப், ஸீலிப், வெறும் டிஃப்ளேட் மூன்றும் ஒரே கடிதம், உறைதான் வேறு. 1996-இல் மூன்றுக்கும் அடுத்தடுத்த எண்களில் ஆர்எஃப்சி என்ற இணைய விதி ஆவணம் வந்தது: 1950 ஸீலிப், 1951 டிஃப்ளேட், 1952 ஜிசிப். ஹெச்டிடிபியில் 'டிஃப்ளேட்' என்று எழுதியிருந்தால் உள்ளே ஸீலிப் உறை இருக்க வேண்டும் என்பது விதி, சில சர்வர்கள் உறையே இல்லாமல் அனுப்பித் தொலைத்தன, அதனால் இன்று அதை யாரும் விரும்புவதில்லை. பைத்தானின் ஸீலிப் மாட்யூலில் விரிக்கும் ஃபங்ஷனுக்கு 'டபிள்யூபிட்ஸ்' என்று ஓர் எண் கொடுக்கலாம். ஒன்றும் கொடுக்காமல் ஜிசிப்பை நீட்டினால் 'எரர் மைனஸ் 3, இன்கரெக்ட் ஹெடர் செக்' என்று கத்தும். 31 கொடுத்தால் ஜிசிப் மட்டும், 47 கொடுத்தால் ஜிசிப்பா ஸீலிப்பா என்று அதுவே கண்டுபிடிக்கும், மைனஸ் 15 கொடுத்தால் உறையில்லாதது. நான் 47 கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறேன்.

பைத்தானில் பக்கம் எடுக்கத் தனியாக நிறுவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அதுவே ஜிசிப் கேட்டு வாங்கி அதுவே விரித்துவிடும். ஆனால் பிரவுசரின் டெவலப்பர் டூலிலிருந்து எல்லா ஹெடரையும் அப்படியே அள்ளி ஒட்டும் ஒரு பழக்கம் இருக்கிறதே, அதை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. குன்னூர் நண்பர் ஒருவர் அப்படி ஒட்டியதில் அக்செப்ட்-என்கோடிங்கில் பிராட்லியும் வந்துவிட்டது. அவர் கம்ப்யூட்டரில் பிராட்லி லைப்ரரி இல்லை. கேட்டதை சர்வர் கொடுத்தது, ரிக்வெஸ்ட்ஸால் விரிக்க முடியவில்லை, பிழையும் சொல்லவில்லை, திரை முழுக்கக் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டங்கள். ஒட்டியதில் அந்த ஒரு வரியை அழித்தார், சரியாகிவிட்டது. விரிக்கத் தெரியாத ஒன்றை ஏன் கேட்க வேண்டும்? இன்னொன்று, கன்டென்ட்-லெங்த் ஹெடரும் கைக்கு வந்த பக்கத்தின் அளவும் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம், ஹெடரில் இருப்பது சுருக்கிய அளவு.

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு. ஹெடர் ஜிசிப் என்கிறது, உள்ளே இருப்பது சாதா. பைத்தானின் ஜிசிப் மாட்யூல் 'நாட் எ ஜிசிப்டு ஃபைல்' என்று சொல்லி அடைப்புக்குள் முதல் இரண்டு பைட்டையும் காட்டும், அதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பிஹெச்பி தளங்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு வார்னிங் வரி சுருக்கிய தரவுக்கு முன்னால் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் ஸ்கிரிப்டும் சுருக்கி, முன்னால் இருக்கும் சர்வரும் சுருக்கியிருக்கும். ஒருமுறை விரித்த பிறகும் 31, 139, 8 வந்தால் அதுதான் விஷயம்.

மண் சரிந்து கேபிள் அறுந்து லைன் தொங்கும் நாட்களில் பாதிப் பக்கம்தான் வரும். ஜிசிப்பின் கடைசி 8 பைட்டில் சரிபார்ப்புத் தொகையும் விரித்த அளவும் இருக்கின்றன, அது வராவிட்டால் 'ஈஓஎஃப் எரர்'. ஸீலிப் மாட்யூலின் 'டீகம்ப்ரஸ்-ஆப்ஜெக்ட்' வைத்து வந்த வரைக்கும் விரித்துப் பார்க்கலாம்தான். ஆனால் அதைக் குழுவுக்கு அனுப்ப மாட்டேன், பாதி அட்டவணையை நம்பி ஒருவர் மருந்து அடித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

இவ்வளவு தொல்லைக்குச் சுருக்காமலே அனுப்பலாமே என்று கேட்டால், தமிழ்ப் பக்கங்களுக்கு அது கட்டுப்படியாகாது. 'கோத்தகிரி' கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 9 குறி, யூடிஎஃப்-8இல் 27 பைட். அந்த 9 குறிகளிலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. வந்ததே திரும்பத் திரும்ப வரும் இதுமாதிரித் தரவு கிடைத்தால் ஜிசிப்புக்குக் கொண்டாட்டம். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் நின்று பக்கம் திறப்பவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இப்போது என் ஸ்கிரிப்ட் ஜிசிப் கேட்கிறது, எது வந்தாலும் முதல் நான்கு பைட்டை லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் கோப்பு) எழுதிவிட்டுத்தான் மேலே போகிறது. போன வாரம் லாகைப் புரட்டினால் சில காலைகளில் 60, 33, 68, 79 என்று சாதாப் பக்கம் வந்திருக்கிறது. அப்படியென்றால் எனக்கு முன்னால் யாரோ சுருக்காமல் கேட்டிருக்கிறார்கள். பிரவுசர் எதுவும் அப்படிக் கேட்காது. இந்த மலையில் இன்னொருவரும் அதே பக்கத்தை ஸ்கிரிப்ட் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார் போல. இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், மழை பெய்த காலைகளில் உங்களுக்கும் படுக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.