நடத்தாமல் விட்ட பாடம்

2024 மார்ச் 2

புற்றுநோய் கண்ட புராஸ்டேட் சுரப்பியை அகற்றி இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. சிறுநீர் வடிய மாட்டியிருந்த குழாயை நேற்றுதான் எடுத்தார்கள். எழுந்து நின்றால் சொட்டுகிறது. தும்மினால் டயப்பர் நனைகிறது. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கிய படிவத்தில் 'ஆண்மைக் குறைவு ஏற்படலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி மருத்துவமனையில் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பாகங்களுக்குப் பெயர் குறித்து, 'மற்றதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று ஆண்டுதோறும் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்தப் படத்தில் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறு உருண்டையாக வரைந்தது இப்போது என் உடலில் இல்லை.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டுப் பச்சடியில் வேப்பம்பூ சற்றுத் தூக்கல். நேற்று முன்தினம் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தோம். புண் ஆறியது, சிறுநீர்க் கசிவு குறைந்தது என்று எல்லாம் பேசி முடித்து எழும் நேரத்தில் என் மனைவிதான் கேட்டாள்: "இவருக்கு மற்றபடி எல்லாம் சரியாயிடுமா டாக்டர்?" அந்த 'மற்றபடி'க்குள் அவள் அடக்கியதை ஏழு வாரமாக நான் கேட்கத் துணியவில்லை.

அவர் மீண்டும் எங்களை உட்காரச் சொல்லி, ஒரு தாளில் வட்டம் வரைந்தார். சுரப்பியைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஐந்து மணி, ஏழு மணி இருக்கும் இடங்களில், விறைப்புக்கு வேண்டிய நரம்புகள் இரத்தக் குழாய்களுடன் சேர்ந்து ஒட்டினாற்போல ஓடுகின்றன. எனக்கு இடப்பக்க நரம்புக் கற்றையை முழுமையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். வலப்பக்கம் கட்டி விளிம்பை நெருங்கியிருந்ததால் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்தது. காப்பாற்றிய நரம்பும் அறுவையின்போது இழுபட்டதால் மரத்துப்போயிருக்கும் என்றும், அது விழித்தெழப் பதினெட்டு மாதமோ இரண்டு ஆண்டோ, சிலருக்கு அதற்கு மேலோ ஆகும் என்றும் சொன்னார். பழையபடி ஆகிவிடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பேருந்தில் திரும்பும்போதுதான் வயிற்றைப் பிசைந்தது.

2024 ஏப்ரல் 21

ஆசிரியர் புத்தி போகவில்லை. இந்த வாரம் முழுவதும் படித்தேன். 1980களுக்கு முன்பு இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே விறைப்பை இழந்தார்கள். அந்த நரம்புகள் எந்த வழியாக ஓடுகின்றன என்றே அறுவை மருத்துவர்களுக்குத் திட்டமாகத் தெரிந்திருக்கவில்லை. 1981இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லைடன் நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரைச் சந்தித்தார். இருவரும் இறந்து பிறந்த ஓர் ஆண் சிசுவின் உடலில் அந்த நரம்புகளைத் தேடிக் கண்டார்கள். வளர்ந்த உடலில் கொழுப்புக்கும் நார்த்திசுவுக்கும் இடையே மறைந்துபோவது சிசுவின் உடலில் தெளிவாகத் தெரிந்தது. மறு ஆண்டே வால்ஷ் நரம்பைக் காக்கும் அறுவையைச் செய்தார். பெயர் வைக்கப்படுமுன்பே இறந்த ஒரு குழந்தைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

2024 ஜூன் 9

விறைப்புக்கு உதவும் டாடலாஃபில் மாத்திரையை, நாள்தோறும் 5 மில்லிகிராம் என்று, போன மாதம் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எழுதுமுன், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ஏதும் எடுக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழுந்துவிடுமாம். மருந்துக் கடையில் இருந்தவன் என் பழைய மாணவன். சீட்டை வாசித்தான், என்னைப் பார்க்கவில்லை, அட்டையைப் பழுப்பு உறையில் போட்டு இரண்டு முறை மடித்து, கல்லாவுக்குக் கீழாகவே நீட்டினான். அந்தப் பாடத்தை நான் தாவிச் சென்ற வகுப்பில் இருந்தவன்தான்.

இந்த மாத்திரை நரம்பை வளர்க்காது. நரம்பு வெளியிடும் நைட்ரிக் ஆக்ஸைடு கிளப்பிவிட்ட வேலையை நீடிக்க வைக்கும், அவ்வளவே. நரம்பு பேசாமல் இருக்கும்போது மாத்திரைக்கு நீடிக்க வைக்க எதுவும் இல்லை. ஒரு மாதமாக விழுங்கியும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுதான் என்று புரிந்த பிறகு மாத்திரையைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 3

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விறைப்பு இல்லாமலேயே உச்சம் வந்தது. தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு, அது அறுவையில் அகப்படுவதில்லை என்று ஏட்டில் படித்திருந்தாலும், அது உண்மையாகவே நேர்ந்தபோது திகைத்துப்போனேன். விந்து ஒரு துளிகூட இல்லை. சுரப்பியோடு விந்துப்பைகளையும் எடுத்து, விந்துக் குழாய்களையும் துண்டித்துவிட்ட பிறகு அது வர வழியில்லை. விந்துக்குப் பதில் சிறிது சிறுநீர் கசிந்தது. அவமானத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் எழுந்து போய்த் துண்டை எடுத்துவந்து போட்டுவிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். இது பலருக்கும் நேர்வதுதான், முன்கூட்டியே சிறுநீர் கழித்துவிட வேண்டும், இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை விடக் கூடாது என்பது மருத்துவரிடம் பிறகு தெரிந்துகொண்டது. முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

2024 நவம்பர் 17

வெற்றிடப் பம்பு வந்துசேர்ந்தது. ஒளி ஊடுருவும் குழல், கைப்பிடி, சில ரப்பர் வளையங்கள், களிம்பு. குழலுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்தால் உறுப்புக்குள் இரத்தம் பாய்கிறது. அடியில் வளையத்தை மாட்டிவிட்டால் நிற்கிறது. வளையத்தை முப்பது நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. நரம்பு உறங்கும் மாதங்களில் திசுவுக்கு இரத்தம் போகாவிட்டால் அது நார்பிடித்துச் சுருங்கும் என்பதால், வளையமில்லாமல் நாள்தோறும் பத்து நிமிடம் பயிற்சி. முதல் நாள் களிம்பு போதாமல் தோல் பிடித்துக்கொண்டது. குழல் நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. கைவிளக்கை அடித்துத் தேடிக்கொண்டிருந்தவள், "இதுக்கு உங்க சைக்கிள் பம்பே தேவலை" என்றாள். பிப்ரவரிக்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பம்பு தரும் விறைப்பு குளிர்ச்சியாகவும் சற்றே நீலம் பாரித்தும் இருக்கிறது. என்னுடையதல்ல என்றே தோன்றுகிறது. இருந்தாலும் உபயோகப்படுகிறது.

2025 பிப்ரவரி 19

ஓராண்டு. புற்றுநோய் திரும்புகிறதா என்று இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 0.1க்குக் கீழே, அதை முதலில் எழுதிவிட வேண்டும். விறைப்பு பற்றி ஐந்து கேள்விகள் கொண்ட மதிப்பீட்டுத் தாளில் 25க்கு 7 வாங்கினேன். 22 அல்லது அதற்கு மேல் என்றால் குறையில்லை என்று பொருள். உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து, எதற்கும் பலனில்லாவிட்டால் உள்ளே பொருத்தும் செயற்கைத் தண்டு என்று மேற்கொண்டு இருக்கும் வழிகளையும் மருத்துவர் விளக்கினார். ஊசிக்குப் பின் விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு ஓடி வர வேண்டுமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. இன்னும் பொறுத்துப் பார்க்கிறேன் என்றேன்.

2025 செப்டம்பர் 6

ஜூலையில் ஒரு விடியற்காலை, மாத்திரையோ பம்போ நினைவில் இல்லாத வேளையில், இலேசான பருமன் தெரிந்தது. அவளை எழுப்பவில்லை, எழுப்பியிருக்கலாம். அதன்பிறகு மாத்திரைக்குச் சில நாள் பலன் இருக்கிறது, சில நாள் இல்லை. நீளம் சற்றுக் குறைந்துதான் போயிருக்கிறது.

இன்று காத்திருப்புக் கூடத்தில் மறுபடி அதே ஐந்து கேள்விகள். கடைசிக் கேள்வி, கடந்த ஆறு மாதங்களில் உறவு எத்தனை முறை திருப்தி அளித்தது என்பது. நான் இரண்டை வட்டமிடப் போனேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "மூணு போடுங்க" என்றாள். என்னுடைய திருப்தியைத்தான் கேட்கிறார்கள், உன்னுடையதை அல்ல என்று தாழ்ந்த குரலில் விளக்கினேன். "உங்களோடது எனக்குத் தெரியாதா" என்று பேனாவை வாங்கி அவளே வட்டமிட்டாள். மொத்தம் 14 ஆயிற்று.