மணியை அழுத்தாதவர்கள்

இதய அறுவைப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், அழைப்பு மணியை ஓயாமல் அழுத்துபவர்கள் மீது எனக்கு எரிச்சல் வரும். மணியைத் தொடாமலே படுத்திருப்பவரைத் 'தங்கமான நோயாளி' என்போம். இப்போது அந்தத் தங்கங்களைக் கண்டால்தான் பயம்.

பைபாஸ் முடிந்து நான்காம் நாள். இரவு 2 மணிக்கு ஒரு பெரியவர் கழிவறை வாசலில் சுவரைப் பிடித்தபடி வியர்த்து நின்றார். இரண்டு கைகளையும் கட்டிலில் ஊன்றித் தானாகவே எழுந்திருக்கிறார். அறுத்துக் கம்பியால் கட்டிய மார்பெலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரமாவது ஆகும், அதுவரை கையை ஊன்றி எழக்கூடாது என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தோம். அவர் மறக்கவில்லை. "இருப்பதே நீங்கள் இரண்டு பேர். எனக்காக வேறு ஓடிவர வேண்டுமா, சிஸ்டர்?" என்றார். நாற்காலியில் தூங்கிய மகனையும் எழுப்பவில்லை. "ஒரு வாரமாக அவன் வேலைக்கே போகவில்லை."

இப்படிப்பட்டவர்கள் இருமலைக்கூட அடக்குவார்கள். தலையணையை மார்போடு அணைத்து நன்றாக இருமினால்தான் சளி வெளியேறும். பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துவிடுவாரே என்று விழுங்கிவிடுவார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர்களின் சங்கடம் வேறு. மணிக்கட்டில் ஒரு சிறு துளை, ஓரிரு நாளில் வீடு. காட்ட ஒரு தழும்புகூட இல்லாமல் எந்த முகத்தோடு உதவி கேட்பது என்று நினைக்கிறார்கள். மறுபடி நெஞ்சு வலித்தாலும் விடியட்டும் என்று காத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

இதையெல்லாம் வெறும் கூச்சம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ 5-ல் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு சில சமயம் அதன் முதல் அடையாளம். "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள்" என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் அவர்கள் வாயை அடைத்ததே தவிர, பாரத்தை இறக்கவில்லை.

பெரியவரிடம் அன்று ஆறுதல் சொல்லவில்லை. அவர் போட்ட கணக்கிலேயே பேசினேன்: "மணி அடித்தால் எனக்கு 2 நிமிட வேலை. நீங்கள் விழுந்தால் விடியும்வரை வேலை, ஐயா." காலையில் எடை பார்த்துக் குறித்துவைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தேன். நோட்டில் கோடு போட்டு, தேதியிட்டு, என்னைவிடச் சுத்தமாக எழுதினார்.

மறுநாள் இரவு அவர் படுக்கையிலிருந்து மணி ஒலித்தது.

"தொந்தரவா, சிஸ்டர்?"

"ஆமாம். 2 நிமிடத் தொந்தரவு."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தால் தையல் வலிக்கும். அவசரமாகத் தலையணையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.