காலண்டர் தாளில் பேய் வரிசை

அக்கா மகன் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். 1952, 1955, 1956, 1967, 1971, 1977.

“மாமா, கான்ஜூரிங் படமெல்லாம் இந்த வரிசையிலதான் பார்க்கப் போறேன்.”

கான்ஜூரிங் ஒரு ஹாலிவுட் பேய்ப்பட வரிசை. அதைக் கதை நடக்கும் ஆண்டுப்படி அடுக்கியிருக்கிறான். கன்னியாஸ்திரிப் பேயின் கதையான தி நன் முதலில். 2013ல் வந்த முதல் படம் ஐந்தாவது இடத்தில்!

வேண்டாம்டா, வந்த வரிசையில் பார் என்றேன்.

அந்த முதல் படத்தின் தொடக்கத்தில் அனபெல் என்ற பேய் பொம்மை கொஞ்ச நேரம்தான் வரும். அது ஏன் அப்படி என்று தெரியாததால்தான் வயிற்றைக் கலக்கும். 2016ல் வந்த இரண்டாம் பாகத்தில் கன்னியாஸ்திரி ஓவியம் சுவரில் தொங்கும்போது, அந்தப் பேய் தி நன் படத்தில் ருமேனியா மடத்தில் செய்ததெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் என்ன மிச்சம்?

எங்கள் ஆச்சி யட்சிக் கதையைப் பிறப்பிலிருந்து சொன்னதே இல்லை. (யட்சி கேரளத்துப் பெண் பேய். எங்கள் செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் யட்சி எங்களுக்கும் பாத்தியதை.) ராத்திரி, தனிவழி, ஒரு பெண் சுண்ணாம்பு கேட்கிறாள். அவ்வளவுதான் முதல் நாள். அவள் யார், எப்படிச் செத்தாள் என்பதெல்லாம் மூன்றாம் நாள்தான் வரும். அதற்குள் இரண்டு ராத்திரி கொல்லைப்பக்கம் தனியாகப் போயிருக்க மாட்டோம்.

இதையும் அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ராத்திரி சாரலோடு கரண்டும் போனது.

“மாமா... அந்த யட்சி எப்படிச் செத்தா?”

நாளைக்குச் சொல்றேன், தூங்கு என்றேன்.