பேட்டரி விளக்கும் எட்டு பின் கேபிளும்: ஒரு பழைய பிஎல்சியோடு ஆறு நாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கே முக்காலுக்கு, எங்கள் டிரில்லிங் மெஷினை ஓட்டும் பிஎல்சி என்ற சின்னக் கம்ப்யூட்டருக்குள் இருந்த புரோகிராம் முழுசாக லேப்டாப்புக்குள் வந்து சேர்ந்தது. அதுவரை ஐந்து இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இதே நிலைமையில் வேறு யாராவது மாட்டக்கூடும் என்பதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் ஒரே நேரத்தில் ஆறு துளை போடுகிற டிரில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என்-48எம்ஆர் என்ற பிஎல்சி. மெஷினைச் செய்து கொடுத்தவர் தொழிலை மூடிவிட்டுப் போய்விட்டார். புரோகிராம் காப்பி எங்களிடம் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஒரு ரிலே மாற்றப் பேனலைத் திறந்தபோதுதான் பிஎல்சி முகத்தில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்த்தேன்.

எஃப்எக்ஸ்2என்-னில் புரோகிராம் உள்ளேயிருக்கும் ரேமில்தான் நிற்கிறது. மெயின் சப்ளை போனால் அதைக் காப்பது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி மட்டுமே. விளக்கு எரிந்ததிலிருந்து சுமார் ஒரு மாதம் தாங்கும் என்பது கணக்கு. ஆனால் எங்கள் பேனல் கதவு எப்போதும் மூடியே இருக்கும். விளக்கு நேற்று எரிய ஆரம்பித்ததா, இருபது நாளாக எரிகிறதா, சொல்ல ஆளில்லை.

முதல் வேலையாக அந்தப் பேனலின் ஐசோலேட்டரை, அதாவது மெயின் சுவிட்சை, அணைக்கக் கூடாது என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். சப்ளை இருக்கும்வரை பேட்டரிக்கு வேலை இல்லை. இரவு செக்யூரிட்டி அண்ணனிடம், "கரண்ட் போனா உடனே ஜெனரேட்டர் போடுங்கண்ணே, இந்த மெஷின் ஓடலைன்னாலும் பரவாயில்லை" என்று சொல்லிவைத்தேன். புதன் இரவு கரண்ட் போனது. அவர் மறக்கவில்லை. அந்த உதவிக்கு நான் கடமைப்பட்டவன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு லோக்கல் டிரெயினில் சென்ட்ரல் வந்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். பிஎல்சி போர்ட்டைப் போனில் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். வட்டமான, எட்டு ஓட்டை உள்ள மினி டின் சாக்கெட். கடைக்காரர் படத்தை ஒரு பார்வை பார்த்தார். "பிஎல்சி கேபிள்தானே சார், எட்டு பின் எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு கேபிளையும், தனியாக ஒரு யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரையும் கையில் கொடுத்தார். எஃப்எக்ஸ்-க்குத்தானா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஆமாம் என்றார்.

வியாழன் மதிய இடைவேளையில் முப்பது நிமிடம் கிடைத்தது. போட்டதும் அழகாக உட்கார்ந்தது. ஆனால் மிட்சுபிஷியின் புரோகிராமிங் சாஃப்ட்வேரான ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்2-ல் கனெக்‌ஷன் டெஸ்ட் அழுத்தினால் பிஎல்சியோடு பேச முடியவில்லை என்றே வந்தது. வேகத்தை மாற்றினேன், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், இடைவேளை முடிந்துவிட்டது.

பக்கத்து ஷெட்டில் முப்பது வருடமாகப் பேனல் ஒயரிங் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அன்று சாயங்காலம் கேபிளைக் காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டியதுமே, "தம்பி, இது டெல்டா கேபிள். இதுல எப்படிப் பேசும்?" என்றார்.

இதைத்தான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். டெல்டா என்ற வேறு கம்பெனியின் டிவிபி பிஎல்சியிலும் இதே வட்ட எட்டு பின் சாக்கெட்தான். ஆனால் அதில் வருவது ஆர்எஸ்-232 வகை சிக்னல். எஃப்எக்ஸ்-ல் வருவது ஆர்எஸ்-422. முதலாவதில் சிக்னல் கிரவுண்டை வைத்து ஒரே கம்பியில் போகும். இரண்டாவதில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசமாகப் போகும். பின் வரிசையும் வேறு. பிளக் பொருந்திவிடுவதால் சரியான கேபிள் என்று நம்பிவிடுகிறோம். போர்ட் எரிந்துபோகாமல் தப்பியது எங்கள் நல்ல நேரம். எஃப்எக்ஸ்-க்கு வேண்டியது எஸ்சி-09 வகைக் கேபிள். 232-ஐ 422 ஆக மாற்றும் சர்க்யூட் அதற்குள்ளேயே இருக்கும். கடையில் பின் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். பிஎல்சி மாடலைச் சொல்லி, எஸ்சி-09 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ரிச்சி ஸ்ட்ரீட், இன்னொரு அரை நாள் சம்பளம். பழைய கடைக்காரர் கேபிளைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். வேறு கடையில் யூஎஸ்பி எஸ்சி-09 வாங்கினேன். புது பேட்டரி எஃப்2-40பிஎல்-ஐயும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை விண்டோஸ் 10 குறுக்கே நின்றது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10. கேபிளுக்குள் இருந்தது யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் பிஎல்2303 சிப்பின் பழைய வகை அல்லது நகல். புது டிரைவர் அவற்றை ஏற்காது. 3.3.2.102 என்ற பழைய டிரைவரைத் தேடிப் போட்டதும் முக்கோணம் மறைந்தது. ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் தானாக அப்டேட் செய்து மறுபடி முக்கோணத்தைக் கொண்டுவந்தது. நெட்டைத் துண்டித்துவிட்டு, டிவைஸ் மேனேஜரில் டிரைவர் பட்டியலைத் திறந்து, பழையதைக் கையால் தேர்ந்தெடுத்த பிறகுதான் நிலைத்தது. காசு கொஞ்சம் கூடப் போனாலும் அதே வேலையைச் செய்யும் எஃப்டிடிஐ கம்பெனி சிப் உள்ள கேபிளாக வாங்குங்கள்.

ஞாயிறு கம்பெனி லீவு. இந்தப் பிஎல்சியில் புரோகிராமிங் போர்ட் ஒன்றே ஒன்றுதான், அதில் டச் ஸ்கிரீன் மாட்டியிருக்கும். அதைக் கழற்றித்தான் நம் கேபிளைப் போட வேண்டும். கழற்றுவதற்கு முன், ஸ்கிரீனில் இருந்த ஆழம், டுவெல் டைம் (அடியில் டிரில் நிற்கும் நேரம்) எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்தேன்.

போர்ட் இடுப்பு உயரத்தில், ஒயர் டக்டுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்கு நேராகத் தெரியாது, விரலால் தடவித்தான் போட வேண்டும். முதல் முயற்சியிலேயே ஒரு பின் வளைந்துவிட்டது. அந்த நிமிடம் உள்ளங்கை வியர்த்துப்போனது. மை தீர்ந்த பால் பாயிண்ட் ரீஃபிலின் முனையிலிருந்து குண்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாயை வளைந்த பின் மேல் மாட்டி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, சாக்கெட்டின் வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் போட்டேன். போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ரன்-ஸ்டாப் சுவிட்ச் இருக்கிறது, விரல் பட்டுவிடாமல் கவனம் வேண்டும்.

விண்டோஸில் கேபிளின் போர்ட் எண் காம் 17 என்று வந்திருந்தது. அதைப் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டில் காம் 3 ஆக மாற்றி, சாஃப்ட்வேரிலும் காம் 3, 9.6 கேபிபிஎஸ் என்று வைத்தேன். டெஸ்ட் அழுத்தியதும், இணைப்பு சரி, சிபியு எஃப்எக்ஸ்2என் என்று வந்தது. பேனல் முன்னால் தனியாக நின்று கைதட்டினேன்.

படிக்க ஆரம்பித்தால் பாதியில் அறுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. பெரியவருக்குப் போன் செய்தேன். "லேப்டாப்புல சார்ஜர் போட்டிருக்கியா? கழட்டு" என்றார். கழற்றினேன், ஒரே ஓட்டத்தில் வந்தது. சாதாரணக் கேபிளில் ஐசொலேஷன், அதாவது இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்துவைக்கும் ஏற்பாடு, கிடையாது. சார்ஜரின் எர்த்துக்கும் பேனல் எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகவே ஓடும். போர்ட்டே போகவும் வாய்ப்புண்டு. லேப்டாப்பைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ரீட், ரைட் இரண்டு பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காலியான புராஜெக்டை ரைட் செய்துவிட்டால் மெஷினின் மூளையே போய்விடும், அழுத்துவதற்கு முன் வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து, ரீட் செய்யும்போது புரோகிராம், பாராமீட்டரோடு டிவைஸ் மெமரியையும் டிக் செய்யுங்கள். செட்டிங் எல்லாம் டி ரெஜிஸ்டர் என்ற, எண்களைச் சேமிக்கும் இடங்களில் இருக்கிறது. டி200-லிருந்து மேலே உள்ளவை அதே பேட்டரியை நம்பித்தான் நிற்கின்றன. புரோகிராம் மட்டும் இருந்து இந்த எண்கள் போனால், டிரில் எங்கே நிற்க வேண்டும் என்று மெஷினுக்குத் தெரியாது.

லேப்டாப்பில் வந்ததைப் பிஎல்சியோடு ஒப்பிட்டு வெரிஃபை செய்து, இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தேன். அதன் பிறகுதான் ஐந்து நாளாக அணைக்காத ஐசோலேட்டரை அணைத்தேன். பேட்டரி பிளக்கைக் கழற்றினால் 20 விநாடிக்குள் புதியதை மாட்ட வேண்டும். புதியதன் பிளக்கை விரலிடுக்கில் தயாராகப் பிடித்துக்கொண்டு பழையதை இழுத்தேன், ஐந்தாறு விநாடியில் முடிந்தது. சப்ளை கொடுத்ததும் பவர் எரிந்தது, ரன் எரிந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

திங்கள் காலை முதல் பீஸின் துளை ஆழத்தை நானே டெப்த் கேஜில் அளந்தேன். ஆறும் சரியாக இருந்தன. ஒரு பென் டிரைவ் இப்போது பேனல் கதவின் உள்பக்கம் கவரில் இருக்கிறது, பேட்டரி மாற்றிய தேதியும் அதன் மேல் எழுதியிருக்கிறது. டெல்டா கேபிளைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டேன், அவரிடம் டிவிபி பேனல் இரண்டு இருக்கிறதாம்.