மொட்டை மாடியில் ஒரு கிளை

எருக்கஞ்சேரியில் குடியிருப்பவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். வடசென்னைக் குப்பையெல்லாம் வருஷக்கணக்காகப் போய்க் குவிந்த கொடுங்கையூர் மேடு பக்கத்தில்தான். அப்படிப்பட்ட இடத்தில் மாடியில் குப்பை சேர்க்கப் போகிறேன் என்றால் சும்மா விடுவார்களா?

“இருக்கிற கொடுங்கையூரு பத்தாதுன்னு மாடில பிராஞ்ச் தொறக்குறியாம்மா?” என்றார் கீழ் வீட்டு ஓனரம்மா.

“உரம்மா, நாத்தமே வராது” என்று சத்தியம் செய்து அனுமதி வாங்கினேன்.

பழைய பெயிண்ட் பக்கெட்டில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் நார் பரப்பியாயிற்று. காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு பங்காவது வேண்டும். தோலுக்குப் பஞ்சமில்லை, சருகுக்கு எங்கே போவது? எங்கள் தெருவுக்கு இருப்பது கோயில் அரசமரம் ஒன்றுதான். விடியற்காலையில் கோணிப்பையோடு போய் நின்றால், அங்கே பெருக்குகிற பாட்டி ஏதோ வேண்டுதல் போல என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். மீதிக்கு வால்டாக்ஸ் ரோடு மரக்கடையில் மரத்தூள். பிளைவுட் தூள் மட்டும் வேண்டாம், அதில் பசை இருக்கும்.

புளித்த மோர் தெளித்து மூடி வைத்தேன். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனையணும், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஈரத்துக்கு அதுதான் கணக்கு. கொஞ்ச நாளில் கை விட்டுப் பார்த்தால் உள்ளே வெதுவெதுவென்று சூடு. நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டன. வாசனைகூட மழை பெய்த மண் மாதிரிதான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து சங்கராவும் நெத்திலியும் வாங்கி வந்தார். ஆயா மீனை ஆய்ந்து, செதில், குடல், தலை எல்லாவற்றையும் எனக்குத் தெரியாமல் பக்கெட்டில் கொட்டிவிட்டது. “மீனவிட மண்ணுக்கு சத்து ஏது?” என்று கேள்வி வேறு. ஆயா சொன்னது பொய்யில்லை, மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் பயிருக்கு விடுகிற உழவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எருக்கஞ்சேரிப் பூனைகளுக்கு அது தெரியுமா?

ராத்திரி முழுக்க மாடியில் பொதுக்குழு. காலையில் பார்த்தால் பக்கெட் கவிழ்ந்து கிடக்கிறது, ஓனரம்மா காயப்போட்ட வடகத்துக்கு நடுவில் ஒரு சங்கராத் தலை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது. அன்றைக்கு வாங்கியதை இங்கே எழுத முடியாது.

எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு, மேலே கனமாகச் சருகு மூடி, செங்கல் வைத்தேன். அதற்குள் ஈ முட்டையிட்டுப் போயிருந்தது. அடுத்து மூடியைத் திறந்தபோது உள்ளே தடித்தடியாகப் பழுப்புப் புழுக்கள் நெளிந்தன. எட்டிப் பார்த்த ஓனரம்மா போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இது பிளாக் சோல்ஜர் என்கிற ஈயின் புழு, கடிக்காது, கழிவைத் தின்று சீக்கிரம் மக்க வைக்கும் என்று நான் விளக்கியது அவர் காதிலேயே ஏறவில்லை.

ஏறியது அவருடைய நாட்டுக்கோழிக்குத்தான். நடுவில் புகுந்து ஒரு கொத்து, இன்னொரு கொத்து, அப்புறம் முழுப் பந்தி. ஓனரம்மா வாயை மூடிக்கொண்டு கோழியையே பார்த்தார்.

இப்போது மாடிப்படி ஏறி முதல் ஆளாக மூடியைத் திறப்பவர் அவர்தான். தன் வீட்டு வாழைப்பழத் தோலைக்கூட என் பக்கெட்டில்தான் போடுகிறார். என் ரோஜாத் தொட்டிக்கு இன்னும் ஒரு பிடி உரம் வந்தபாடில்லை. முட்டையும் வந்தபாடில்லை. போன சனிக்கிழமை சாயந்திரம் மட்டும் கதவைத் தட்டிக் கேட்டார்:

“இன்னாம்மா, நாளைக்கு மீனு வாங்கலியா?”